மானுக்காக நட்டு மானிடமிருந்து காத்த மரங்கள்

1

இந்தக் கதை எனக்குள் பல காலம் ஊறிக் கிடந்து ஒருநாள் தானாகப் பொங்கி வந்தது என்று சொல்லத்தான் ஆசை. நடந்தது வேறு. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"சுற்றுச்சூழல் சிறப்பிதழ் போடறோம். மரம் நடற மாதிரி ஒரு கதை வேணும். நாட்டு மரமா இருந்தா நல்லது. நடுவுல ஏதாவது விலங்கு வந்துட்டுப் போகட்டும். சோகம் மட்டும் வேண்டாம், கட்டுரை எல்லாமே சோகமா வந்து சேர்ந்திருக்கு. முடிவு கொஞ்சம் பச்சையா இருக்கணும்."

நான் மொட்டைமாடியில் ரோஜாச்செடி வைத்து, தண்ணீர் ஊற்றியே அதைக் கொன்றவள். ஆனால் எனக்கு ஓர் அத்தான் இருக்கிறார், அக்காவின் கணவர். மலையடிவாரத்தில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் நிலத்தில், மான்கள் தின்னட்டும் என்று பழமரம் வைத்தவர். உடனே ஒப்புக்கொண்டேன். சொந்தபந்தம் வேறு எதற்கு இருக்கிறது?

2

முதல் தொடக்கம்: "மூடுபனி விலகிய அந்தக் காலையில், நாவல் மரத்தடியில் ஒரு புள்ளிமான் தயங்கித் தயங்கி

(தயங்கியது நான்தான். மான் தயங்காது. நேராக வந்து தின்றுவிட்டுப் போகும். தவிர, மூடுபனியில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "இயற்கையிடமிருந்து வாங்கியதைத் திருப்பித் தர வேண்டிய காலம் மனிதனுக்கு

(பேச்சுப் போட்டி. ஆறுதல் பரிசு.)

மூன்றாம் தொடக்கம்: "அத்தான் லிஃப்ட் மெக்கானிக்." இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

3

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்காலம் முழுவதும் வானமே தெரியாத குழிகளுக்குள், கையில் கிரீஸோடு நின்றவர். ஓய்வு பெற்றதும் மனிதர்கள் கோவில் குளம் போவார்கள், அல்லது வீட்டில் இருப்பவர்களைத் திருத்த முயல்வார்கள். இவர் மண்வெட்டி வாங்கினார்.

"என்ன நடப்போறீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நாவல், அத்தி, இலந்தை."

"மா, சப்போட்டா?"

"அதெல்லாம் மனுஷனுக்கு. இது மானுக்கு. இந்த மண்ணுல தானா முளைச்ச மரம்தான் அதுக்கு ஒத்துக்கும்."

"மான் உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?"

சொல்லியதாகத்தான் அவர் நம்புகிறார். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், மலையை ஒட்டி ஓர் அடுக்குமாடிக் கட்டடம் வந்தது. அதற்காகப் புதர்க்காட்டை வழித்தெடுத்தார்கள். அங்கே லிஃப்ட் பொருத்தப் போனவர்களில் அத்தானும் ஒருவர். ஒரு காலையில் அவர் உள்ளே குனிந்து வேலை பார்த்துவிட்டு நிமிர்ந்தால், லிஃப்ட் கதவுக்கு எதிரே ஒரு பெண்மான் நின்றதாம். பளபளக்கும் எஃகுக் கதவில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றதாம்.

"மேல போகக் காத்திருக்கிற மாதிரியே இருந்துச்சு. அதோட வீட்டுக்கு மேலதான் இந்தக் கட்டடமே நிக்குது, பாவம், அதுக்கு எந்த மாடின்னு தெரியலை" என்பார்.

(இந்த மானை நான் முழுதாக நம்பவில்லை. என்னிடம் சொன்னபோது அது தரைத்தளத்தில் நின்றது. அக்காவிடம் சொன்னபோது வண்டி நிறுத்துமிடத்தில். ஒரு கல்யாண வீட்டில் சொன்னபோது முதல் மாடிக்கே ஏறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு தடவையும் "எந்த மாடின்னு தெரியலை" என்ற இடத்தில் அவர் குரல் கம்முகிறது. ஆகவே மானை வைத்துக்கொள்கிறேன். மாடியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.)

4

மரம் நட்டார். மான்கள் வந்தன. கதை சுபம் என்று நினைத்து ஆசிரியருக்குப் போன் செய்யவிருந்தேன்.

மான்கள் வந்தது பழத்துக்கு இல்லை. பழம் காய்க்கச் சில வருஷம் ஆகும் என்பதை அவற்றிடம் யாரும் சொல்லவில்லை. கன்றின் கொழுந்தைக் கிள்ளின, பட்டையை உரித்தன, மிச்சமிருந்த தண்டில் கொம்பைத் தீட்டின. ஒரே வாரத்தில் நிலம் முழுக்கக் குச்சி நட்டதுபோல் ஆயிற்று.

அத்தான் மறுபடி நட்டார். இந்த முறை ஒவ்வொரு கன்றுக்கும் இரும்புக் கம்பி வலையில் கூண்டு கட்டினார். லிஃப்ட் வேலையின் நேர்த்தியெல்லாம் அதில் தெரிந்தது. மானின் காதுகூட உள்ளே போகாது.

அக்கா பின்கட்டில் நின்று பார்த்தாள். "விருந்துக்குக் கூப்பிட்டுட்டு வாசலைப் பூட்டின மாதிரி இருக்கு."

"வளர்ற வரைக்கும்தான்."

"அதுங்களுக்கு நீங்களே போய் விளக்கிச் சொல்லிட்டு வாங்க."

(இங்கே மனித அன்பின் முரண்பாடு பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன். கூண்டைச் சொன்ன பிறகு அது எதற்கு?)

5

வருஷங்கள் போயின. (நாவலாக இருந்தால் இந்த இரண்டு சொல்லுக்கு நூறு பக்கம் பிடிக்கும். சிறுகதையின் சௌகரியம் இதுதான்.) மரங்கள் மானின் வாய்க்கு எட்டாத உயரம் போயின. அத்தான் கூண்டுகளைப் பிரித்து, வலையைச் சுருட்டி மூலையில் போட்டார். பழம் விழ ஆரம்பித்தது. குருவி, அணில், வௌவால் என்று வரிசையாக வந்தன. கடைசியில், கௌரவ விருந்தினர்போல் தாமதமாக, மான்கூட்டம் வந்தது. அத்தான் படம் எடுக்க மறந்து ஜன்னலருகே நின்றுகொண்டே இருந்தாராம். காபி ஆறிப்போனதை அக்கா சொல்லவில்லை, எடுத்துப் போய் மறுபடி சுடவைத்து வந்தாள். என் அக்காவை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

இனி வில்லி வரவேண்டும். வந்தார். அவரை வில்லியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

பக்கத்து நிலத்தில் பீன்ஸ் போடுகிறவர். தனி ஆள், அந்த நிலத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை. எல்லோருக்கும் அவர் பீன்ஸ்காரம்மா. மான்கள் அத்தான் நிலத்தில் பழத்தைத் தின்று பசியைக் கிளப்பிக்கொண்டு, வரப்பைத் தாண்டிப் போய் அவருடைய பீன்ஸில் வயிற்றை நிரப்பின.

பீன்ஸ்காரம்மா வரப்பில் நின்று அத்தானைக் கூப்பிட்டார். "அண்ணே! உங்க விருந்தாளிங்க என் வீட்டுல வந்து சாப்பிடறாங்க."

"வாயில்லா ஜீவன்மா..."

"வாயில்லையா? வந்து பாருங்க, ஒரு பாத்தி முழுக்க மொட்டை. வாய் இல்லாமலேவா இவ்வளவும் போச்சு?"

அத்தான் மூலைக்குப் போனார். சுருட்டி வைத்திருந்த பழைய வலையை எடுத்து, வரப்பு நெடுகக் கட்டித் தந்தார். மானைக் கன்றிடமிருந்து விலக்கிய வலை, இப்போது பீன்ஸிடமிருந்து விலக்கும். எல்லோருக்கும் திருப்தி. மானிடம் மட்டும் இந்த முறையும் யாரும் கேட்கவில்லை.

6

ஒரு விடிகாலை பீன்ஸ்காரம்மாவின் சத்தம் கேட்டு அக்காவும் அத்தானும் ஓடினார்கள். கொம்பு முளைத்த ஓர் ஆண்மான் வலையைத் தலையால் தள்ளப் பார்த்திருக்கிறது. கொம்பில் கம்பி சுற்றி, கழுத்துவரை இறுகிக் கிடந்தது. துள்ளத் துள்ள இறுகியது. நாக்கு வெளியே வந்திருந்தது.

அத்தான் அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ தடவை நடுவழியில் நின்ற லிஃப்டிலிருந்து ஆட்களை மீட்டவர். "அவர் முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சுடி. அவர் கட்டின முடிச்சு அது. அவருக்கே அவிழ்க்க வரலை" என்றாள் அக்கா.

அக்காதான் கொடியில் கிடந்த போர்வையை உருவி வந்து மானின் தலையில் போட்டாள். கண் மறைந்ததும் அது கொஞ்சம் அடங்கியது. பீன்ஸ்காரம்மா குனிந்து கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல, இதோ ஆச்சு" என்றார். பிறகு தலையைத் திருப்பி அத்தானிடம் கத்தினார்: "என்னண்ணே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? போய் கட்டரை எடுத்துட்டு வாங்க!"

அத்தான் ஓடிப் போய்க் கொண்டுவந்தார். கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசிக் கம்பி அறுந்ததும் மான் எழுந்த வேகத்தில் பின்னங்கால் பீன்ஸ்காரம்மாவின் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அக்காவுக்குக் கேட்டது. பீன்ஸ்காரம்மா தரையில் கிடந்தபடி ~~அழுதார்~~ திட்டினார். (வரைவைப் படித்துவிட்டு அவரே திருத்தியது. "நான் அழலை, எழுத்தாளரம்மா. நல்லாத் திட்டினேன். அண்ணியைக் கேளுங்க.") திட்டி முடித்துவிட்டுக் கேட்டார்:

"எந்தப் பக்கம் போச்சு?"

அக்காவுக்குப் பொய் வராது. "பீன்ஸ் பக்கம்தான்."

7

வரைவை மூவருக்கும் அனுப்பியது பிழை. எழுதுபவர்களுக்குச் சொல்கிறேன்: கதாபாத்திரங்களுக்குக் கதையைக் காட்டாதீர்கள்.

பீன்ஸ்காரம்மா: "அந்த மானை நான் சாமின்னு எல்லாம் கூப்பிடலை. அதை எடுத்துடுங்க." (எடுக்கவில்லை. அக்கா சத்தியம் செய்கிறாள்.)

அக்கா: "என் போர்வையைப் பத்தி ஒரே ஒரு வரிதானா? அது புதுப் போர்வைடி."

அத்தான் பாதிவரை படித்தார். "அவர் முகம்" என்ற இடத்தில் நிறுத்தி, தாளைக் கவிழ்த்து வைத்தாராம்.

அறுவடை நேரம். பீன்ஸ்காரம்மாவின் கையில் மாவுக்கட்டு. அக்கா தினமும் போய்க் காய் பறித்தாள். "அண்ணி, காயைப் பறிக்கச் சொன்னேன். நீங்க செடியையே கூட்டிட்டு வர்றீங்க" என்று அவர் வரப்பில் உட்கார்ந்து விரட்டினார். இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று.

அத்தான் மட்டும் ஜன்னலை மூடிவிட்டார். மான் வந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. ஒருநாள், "மரம் வெட்டறவரை வரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அக்கா வரப்புக்குப் போய்ச் சொன்னாள். பீன்ஸ்காரம்மா மாவுக்கட்டோடு எழுந்து வந்துவிட்டார்.

"அண்ணே, நான் வெட்டச் சொன்னேனா?"

"உங்களுக்காகத்தாம்மா. உங்க கை..."

"எனக்காகவா? மானுக்காக நட்டீங்க, எனக்காக வெட்டறீங்க. உங்களுக்குன்னு ஒண்ணுமே செஞ்சுக்க மாட்டீங்களா? நாளைக்கு ஊரெல்லாம் பீன்ஸ்காரி மரத்தை வெட்ட வெச்சான்னு பேசும். அந்தப் பழி எனக்கு வேண்டாம்."

"அப்போ வெட்ட வேண்டாமா?"

"அதையும் நான் சொல்ல மாட்டேன். அடுத்த பட்டத்துக்கு மறுபடி மொட்டையானா நான் எங்கே போவேன்?"

8

பத்திரிகைக்கு நாள் நெருங்கிவிட்டது. கைவசம் உள்ள முடிவுகள்:

பச்சை முடிவு. பீன்ஸ்காரம்மா மனம் மாறி, தன் நிலத்திலும் அத்தி நடுகிறார். (ஆசிரியருக்குப் பிடிக்கும். அவரிடம் படித்துக் காட்ட எனக்குத் தைரியமில்லை.)

இலக்கிய முடிவு. வெட்டிய அடிமரத்தின் முன்னால் ஒரு மான் வந்து நெடுநேரம் நிற்கிறது. (விருது கிடைக்கலாம்.)

மூன்றாவது முடிவில் அத்தான் உறுதியான ஒரு வேலியைப் போட்டு

இந்த வாக்கியத்தை எழுதும்போதுதான் அக்கா போனில் கூப்பிட்டாள். பின்னால் இயந்திர ரம்பம் உறுமும் சத்தம்.

"மரம் வெட்டறவர் வந்துட்டார்டி. இவர் வெட்டுங்கன்னு சொல்லிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். அந்தம்மா வரப்புல நிக்கிறாங்க, கேட்டா வாயே திறக்கலை. வெட்டறவர் மெஷினை ஓட விட்டுட்டு என் முகத்தையே பார்க்கிறார். முதல் மரமே அந்தப் பெரிய நாவல்."

"நீ என்னக்கா நினைக்கிறே?"

"எனக்குத் தெரியலை. மரத்தைப் பார்த்தா வேண்டாம்னு தோணுது. அவங்க கையைப் பார்த்தா வெட்டிடலாம்னு தோணுது. நீதானே இதையெல்லாம் உட்கார்ந்து எழுதறே? நீ சொல்லு."

வாசகரே, முடிவை உங்களிடமே விடுகிறேன் என்று நான் இதற்கு முன் எழுதிய கதைகள் பல உண்டு. நீங்களும் புத்தகத்தை மூடிவிட்டு, நன்றாக இருந்தது என்று போயிருப்பீர்கள். முடிவு என்னவென்று யாரும் எனக்கு எழுதியதில்லை. இந்த முறை அப்படிப் போக முடியாது. நீங்கள் எதைச் சொன்னாலும் அப்படியே அக்காவிடம் சொல்லப் போகிறேன். வெட்டச் சொன்னால் அத்தான் கதவைத் திறந்து வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். வேண்டாமென்றால் வரப்புக்குப் போய்ப் பீன்ஸ்காரம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். "யோசிக்கலாம்" என்று சொல்லாதீர்கள், மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஏய், லைன்ல இருக்கியா?"

இருக்கேன்க்கா. கேட்டுக்கிட்டிருக்கேன்.