அக்கா வீட்டு பேட்டரிப் பெட்டி

1

இந்தக் கதை ஃபோனில் வந்தது. "பெட்டியோட மூச்சையே அடச்சு வெச்சிருக்காருடா உங்க அத்தான்," என்றாள் அக்கா.

அக்கா வெல்டர். கரன்ட் கம்பி எட்டாத மேட்டில் வீடு. கூரையில் சோலார். படுக்கையறை மூலையில், அவளே செய்த இரும்புப் பெட்டிக்குள் பேட்டரிகள். அத்தானுக்கு நுரையீரல் பழுது. அவருடைய ஆக்சிஜன் மெஷின் ஓடுவது அவற்றை நம்பித்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பெரும் சத்தத்தோடு அந்தப் பெட்டி—'

(அடித்துவிட்டேன். வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் ஃபோன் ஏது?)

நடந்தது இதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலையிலிருந்து வந்தவளுக்கு, அறைக்குள் அழுகிய முட்டை நாற்றம். சார்ஜ் ஏறும்போது பேட்டரி விடும் வாயுவுக்கு ஒரு பொறி போதும். அதை வெளியேற்றத்தான் பெட்டியின் மேலே குழாயும் சின்ன விசிறியும் வைத்திருந்தாள். விசிறி நின்றிருந்தது. குழாய்க்குள் பழைய துண்டு.

"எந்த சுவிட்சையும் தொடாதீங்க. மெஷின் ஓடட்டும். எழுந்து வாங்க."

"என்னாச்சு?"

"வாங்கன்னா வாங்களேன்!"

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அத்தானைத் தாங்கிப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை மாட்டினாள். பிறகு வெளிச்சுவரில் இருந்த சோலார் சுவிட்சை அணைத்தாள்.

3

"நீங்களா அடச்சீங்க?"

"அந்த விசிறி கரகரன்னு ஒரே சத்தம். நாளெல்லாம் உழைச்சிட்டு வந்து பொரண்டு பொரண்டு படுக்குற. கொஞ்சம் தூங்கட்டுமேன்னுதான்..."

அக்கா அழுதாள்.

(வாசித்துக் காட்டினேன். "நான் எங்கடா அழுதேன்? துண்டத்தான் உருவப் போனேன். அத எழுது." அவள் துண்டை உருவப் போனாள்.)

4

அந்த வாரமே புதுப் பெட்டி செய்தாள். இந்த முறை வீட்டுக்கு வெளியே, நிழலில். ஒரு பக்கம் அடியில் துளைகள், எதிர்ப்பக்கம் உச்சியில் துளைகள், பூச்சி போகாமல் வலை. லேசான வாயு தானாக மேலேறிப் போய்விடும், விசிறி வேண்டாம். வாயு வீட்டுக்குள் வராதபடி, வயர் வரும் சுவர்த் துளையைச் சுற்றிப் பூசி அடைத்தாள்.

இப்போது சத்தமே இல்லை. அதுதான் சிக்கல். படுத்தவள் எழுந்து போய், மேல் துளையில் உள்ளங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்க்கிறாள். அவள் திரும்பும்வரை அத்தானும் விழித்துக் கிடக்கிறார்.

"கதையிலயாச்சும் என்னத் தூங்க வெச்சிருடா."

'அன்று அக்கா படுத்ததும்' என்பதுவரை எழுதியிருக்கிறேன். மேலே எழுதப் பயமாக இருக்கிறது. அவள் தூங்கிவிட்டால் பெட்டியை யார் பார்ப்பது?

நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறீர்களா?