பளபளப்பான பானை

தன் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கலந்திருப்பதாக டாக்டர் சொன்ன மறுநாள், எடெல்மிரா பீன்ஸை எவர்சில்வர் பாத்திரத்தில் வேகவைத்தாள். சாப்பிட வந்த அக்கா பிரிகிடாவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் வனையும் பளபளப்பான மண்பானைகளுக்கு மெக்சிகோவின் ஒஹாகா சந்தையில் நல்ல பேர்.

“என் பானை கசந்துபோச்சாடி உனக்கு?”

“அந்தப் பளபளப்புப் பூச்சுல ஈயம் இருக்கலாமாம்க்கா. புளிப்பு பட்டா சாப்பாட்டுல எறங்கிடுமாம்.”

“நாம அதுல தின்னுதானே வளந்தோம்? செத்தா போயிட்டோம்?”

எடெல்மிரா, டாக்டர் கொடுத்த சோதனைக் குச்சியை நனைத்து, அக்காவின் பானைக்குள் தேய்த்தாள். நுனி சிவந்தது.

“செவந்தா ஈயம்னு அர்த்தம்க்கா.”

பிரிகிடா குச்சியை வாங்கிப் பார்த்தாள்.

“இன்னொரு குச்சி இருக்கா? எம்மக சாக்லேட் குடிக்கிற கோப்பையும் நான் செஞ்சதுதான்.”

ஈயமில்லாத பூச்சு கிடைக்கும்வரை அவள் சந்தையில் கடை விரிக்கவில்லை.