எடைக்கோடு

பிள்ளையின் அட்டையில் இருக்கும் எடைக்கோட்டின் மேல் விரலை ஓட்டி, அது போகிறபடியே "ம்ம்ம்" என்று குரலை இழுத்துக் காட்ட அவள் சொன்னபோது, நர்சின் பேச்சில் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே கேட்டன. பின்னால் பத்துப் பதினைந்து பேர் பிள்ளைகளோடு காத்திருக்கிறார்களாம். இருக்கட்டும் என்று அவள் நகராமல் நின்றாள்.

கண் தெரியாதவளுக்கு வாய்த்த புருஷன், எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி உயிரை வாங்குவான். வானம், திரைச்சீலை, அவளுடைய புதுச் செருப்பு எல்லாமே நல்லாத்தான் இருந்தன. பொறுத்துப் பார்த்து அலுத்துப்போய், பிள்ளையின் எடை அட்டை வீட்டுக்கு வந்த அன்றே சட்டம் போட்டுவிட்டாள். கோடு ஏறினால் குரல் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும், மாதத்துக்கு விரலால் ஒரு தட்டு. வங்கியில் தொலைபேசி வேலை அவளுக்கு. பிள்ளையை எடை போட அவன்தான் தூக்கிப் போவான். ஐந்து மாதமும் அவன் குரல் ஜம்மென்று ஏறிக்கொண்டே போனது. குளிப்பாட்டும்போது கைக்குத் தெரிந்ததோ வேறு. தொடையில் சதை பிடிக்கவே இல்லை. கேட்டால், உனக்கு எதிலும் சந்தேகம்தான் என்பான். இன்று லீவு போட்டுவிட்டு அவளே கூட வந்துவிட்டாள்.

நர்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். மேலே, மேலே, இன்னும் மேலே. நாலாவது தட்டில் குரல் அப்படியே நின்றது. ஐந்திலும் அதேதான். இன்று வைத்த ஆறாவது புள்ளிக்கு இறங்கியது.

"போன மாசமே டாக்டரப் பாருங்கன்னு சொன்னேனே," என்றாள் நர்ஸ், அவனிடம்.

"நீ பயந்துடுவேன்னுதான்..." என்று இழுத்தான் அவன்.

"பயப்படறது என் வேலை. உன்ன, கோட்ட அப்படியே காட்டத்தான் சொன்னேன்."

ஒரு மாதம் அநியாயமாகப் போயிருந்தது. டாக்டர் கூப்பிட இன்னும் இரண்டு பேர் பாக்கி. அதுவரை சும்மா நிற்க அவளால் முடியவில்லை. பிள்ளைகள் வளர வேண்டிய கோடு என்று அட்டையில் அச்சடித்தது ஒன்று இருக்குமே, அதை நர்ஸ் குரலால் இழுக்கட்டும், நம் பிள்ளையின் கோட்டை நீ இழு, இரண்டும் ஒன்றாக வரட்டும் என்றாள். இந்தத் தடவை நர்ஸ் மறுபேச்சு பேசவில்லை.

இரண்டு குரலும் ஒரே இடத்தில் கிளம்பி, மூன்று தட்டு வரை ஒட்டிக்கொண்டே போயின. பிறகு நர்சின் குரல் மட்டும் ஏறியது. அவனுடையது நின்றது, கரகரத்தது, ஆறில் மெல்லக் கீழே வந்தது. அவள் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு, இரண்டு குரலுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கேட்டபடி நின்றாள்.