பதினேழாவது தட்டு

தேசிய அறிவியல் பேரவையில் புதிதாகச் சேர்பவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உள்ளங்கையைக் காட்ட வேண்டும். காய்ந்திருந்தால்தான் பேனா கொடுப்பார்கள். பேராசிரியர் செண்பகவல்லிக்கு இது தெரியும். வீட்டிலிருந்தே இரண்டு துண்டுகள் கொண்டுவந்திருந்தார்.

பிரயோசனமில்லை. துடைக்கத் துடைக்க வலக்கையில் நீர் ஊறியது.

"ஈரமா இருக்கே மேடம்," என்றார் எழுத்தர் கோதண்டம்.

"வேர்வைதான்."

கோதண்டம் குனிந்து முகர்ந்தார். "வேர்வை இல்ல. களிமண் தண்ணி."

மண்டபத்தில் பதினாறு நாற்காலிகளை வாசலிலிருந்து மேடைவரை ஒரே சாய்கோட்டில் போட்டிருந்தார்கள். பதினாறு மூத்த உறுப்பினர்கள் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அது செண்பகவல்லியின் வரைபடக் கோடு. சூடு ஏற ஏறக் களிமண் ஒரே சீராக உலரும் என்று அவர் கண்டுபிடித்த விதி. அதற்காகத்தான் இன்றைக்கு இத்தனை மரியாதையும்.

"பதினேழு நாற்காலி வாங்கினோம்," என்றார் கோதண்டம். "ஒண்ணு கோட்டுல நிக்கல. வெளியில போட்டுட்டோம். அங்க போய்க் கையைக் காயவெச்சுட்டு வாங்க."

வராந்தாவின் நீளம் நாற்பது அடி என்று சுவரில் எழுதியிருந்தது. செண்பகவல்லி நடக்க நடக்க அது நூறானது, பிறகு அறுநூறானது. கடைசியில் யார் இருப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி நடந்தார். ஒன்பது வருடமாக அப்படி நடந்து பழக்கம்தான்.

நாற்காலியில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். அவருடைய ஆராய்ச்சி மாணவி. ஒன்பது வருடத்துக்கு முன் போட்டிருந்த அதே பச்சைச் சுடிதார். மடியில் ஒரு களிமண் தட்டு.

அன்று ஜெசிந்தா பதினேழு தட்டுகளைப் பதினேழு சூட்டில் காயவைத்து எடை போட்டாள். பதினாறு காய்ந்தன. ஒன்று காயவே இல்லை. "உன் கை ஈரம் பட்டிருக்கும்," என்று ஆய்வகமே கேட்கும்படி, வாய் கூசாமல் சொன்னார் செண்பகவல்லி. கட்டுரையில் பதினாறு தட்டுகள் மட்டும் வந்தன. அதன்பின் ஈரக்கை ஜெசிந்தா என்றே பெயராகிவிட்டது. ஒரு சோதனைக்குழாயைக்கூட யாரும் அவளிடம் நம்பிக் கொடுக்கவில்லை. பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். அவளுடைய விலகல் கடிதத்தில் செண்பகவல்லிதான் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குக் கை நன்றாகக் காய்ந்திருந்தது.

"திரும்ப அளக்கட்டுமா மேடம்?" என்றாள் ஜெசிந்தா. அன்றும் இதையேதான் கேட்டாள். நேரமில்லை என்று சொல்லியிருந்தார்.

செண்பகவல்லிக்கு அவமானமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அளம்மா."

ஜெசிந்தா பையிலிருந்து தராசை எடுத்துத் தட்டை வைத்தாள். "குறையல மேடம். அதே எடை."

"உன் கை?"

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். "காஞ்சுதான் இருக்கு. அன்னைக்கும் காஞ்சுதான் மேடம் இருந்துச்சு."

"தெரியும்," என்றார் செண்பகவல்லி. "அன்னைக்கே தெரியும்."

வராந்தா மறுபடி நாற்பது அடியானது. தட்டை நாற்காலியில் வைத்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மண்டபத்துக்குள் கொண்டுபோனார்கள். அது தன் இடத்தில் போய் நின்றதும் மற்றப் பதினாறும் கிறீச்சிட்டுத் திசைக்கொன்றாக நகர்ந்தன. ஒரு மூத்த உறுப்பினர் பொன்னாடையால் முகத்தை மூடிக்கொண்டார்.

செண்பகவல்லி கேட்காமலே பேனாவை எடுத்தார். பதிவேட்டில் ஜெசிந்தாவின் பெயரை எழுதினார். கை சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மை கலையவில்லை.

"சரி," என்றார் கோதண்டம். "அடுத்தது உங்க பேரு."

செண்பகவல்லி தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினார். அது நீராகி மேசையில் ஓடியது. பேனாவை மூடி வைத்தார்.

"நான் வெளியில இருக்கேன்."

"நாற்காலி உள்ள வந்துடுச்சே."

"தரையிலயே உட்கார்ந்துக்கறேன்."

கோதண்டம் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சாய்க்காம வெச்சுக்குங்க மேடம். காஞ்சதும் கூப்பிடறோம்."