நான்கு தாள்களில் ஒரே ஆள்

அந்த மருத்துவமனையில் ஒரே சமயத்தில் பதினான்கு வேலைகள் நடந்துகொண்டிருந்தன. பதினான்கையும் ஒரே சுவரில் மாட்டி வைத்திருந்தாள் அவள். கூட்ட அறையின் இரும்புப் பலகையில் வேலைக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு காந்த வில்லை. ஒழுங்காகப் போனால் பச்சை, இழுத்தடித்தால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. எந்த வேலைக்கு யார், எத்தனை நாள், எது முந்தி எது பிந்தி என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். கதவில் மேலாளர் என்று போட்டிருந்தாலும் எல்லோரும் பலகைக்காரம்மா என்றுதான் சொன்னார்கள்.

ஆறு மாதமாகப் பலகை பச்சைப்பசேல் என்று இருந்தது. இயக்குநர் வெளியாட்களைக் கூட்டிவந்து காட்டுவார். "பாருங்க, பதினாலும் பச்சை. எல்லாம் இந்தம்மா வந்த நேரம்." அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தாலே இப்போது உடம்பு கூசியது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலில் வெடித்தது வார்டுத் தலைமை நர்ஸ்தான்.

"அழைப்பு மணி வேலை பச்சையாம்! எங்க வார்டுக்கு வந்து பாருங்க சார். பேஷண்ட் எல்லாம் டம்ளரைக் கட்டில்ல தட்டிதான் எங்களைக் கூப்பிடறாங்க. நேத்து ஒரு பெரியவர் தட்டித் தட்டிப் பார்த்துட்டு டம்ளரையே விட்டெறிஞ்சார். என் காலடியில வந்து விழுந்துச்சு."

சிலர் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு அட்டையாகக் கேட்டுக்கொண்டே போனார். ஆபரேஷன் தியேட்டர் ஜெனரேட்டருக்கு இன்னும் கம்பி இழுக்கவில்லை. மருந்துக் குளிர் அறை பாதியில் நிற்கிறது. அவரே ஆசை ஆசையாகக் கேட்டிருந்த முகப்பு விளக்குகள் அட்டைப் பெட்டியிலேயே தூங்குகின்றன. "யார் பார்க்கிறது இதை?" என்று நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் ஒரே பதில்தான் வந்தது. எலக்ட்ரீஷியன்.

நோயாளிகள் இருக்கும் இடத்தில் கம்பியைத் தொட உரிமம் உள்ளவர் அங்கே அவர் ஒருவர்தான். அவளுடைய அக்கா கணவர். அக்கா வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள். வீட்டில் அவருக்கு அவள் "சின்னவள்". ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிவிட்டால் "மேடம்". அந்தக் கணக்கை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை.

கூப்பிட்டு அனுப்பினார்கள். கையில் டெஸ்டரோடு, சட்டையெல்லாம் சுவர்த்தூளோடு வந்து நின்றார்.

"நாலு வேலை உன் கையில. நாலும் நாசம். என்னய்யா பண்ணிட்டு இருக்க ஆறு மாசமா?" என்றார் இயக்குநர்.

அவளுக்குத் தெரியும். அங்கே அவளுக்கு மட்டுமே முழுசாகத் தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகத் தாள் போட்டவள் அவள்தான். நான்கு தாளிலும் 'ஆள்' என்ற கட்டத்தில் அவரை எழுதி, பக்கத்தில் 'முழு நேரம்' என்று போட்டவளும் அவள்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு தாளும் சரி. நான்கையும் ஒரு மேசையில் பரப்பிப் பார்க்கத்தான் அவளை அங்கே வைத்திருந்தார்கள். அதை மட்டும் அவள் செய்யவில்லை.

இரண்டாவது மாதமே விஷயம் புரிந்துவிட்டது. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அவரே வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்: "மேடம், இந்த நாலுல முதல்ல எதை முடிக்கட்டும்?"

"நாலும் முதல்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் சமாளிங்க மாமா, எனக்காக" என்றாள். அவர் விடுமுறை நாளிலும் வந்து சமாளித்தார். பலகையின் பச்சை அப்படித்தான் தாக்குப்பிடித்தது. மஞ்சள் வைக்க வந்த நர்ஸிடம்கூட, "ஒரு வாரம் பொறுங்களேன்" என்று கெஞ்சி அனுப்பியது நினைவுக்கு வந்தது.

இப்போது வாயைத் திறந்தால் போதும். அவள் குனிந்து குறிப்பேட்டில் எதையோ எழுதுவதுபோல் பேனாவை ஓட்டினாள்.

அவர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. "என்னால முடியல சார். தப்புதான்" என்றார்.

"ஒத்துக்கிட்டான் பாரு. அடுத்த திங்கள்ல இருந்து நீ ஸ்டோர்ல உட்காரு. வெளியில இருந்து ஆள் பிடிச்சுக்கலாம்."

அவர் போன பிறகும் தரையில் சுவர்த்தூள் வெள்ளையாகக் கிடந்தது. கூட்டம் முடியும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினாள். அக்கா அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, உங்க மாமா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார். ஸ்டோருக்கு மாத்திட்டாங்கன்னு மட்டும் சொன்னார். நீ அங்கதானே இருந்த?"

"இருந்தேங்க்கா."

"ஒண்ணும் சொல்லலையா நீ?"

அதற்குள் அவர் உள்ளேயிருந்து வந்து சட்டையை வாங்கிக்கொண்டார். வழியில் நின்றிருந்த அவளிடம், "கொஞ்சம் நகருங்க மேடம்" என்றார்.

அக்கா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவள் குடத்தோடு ஒதுங்கி வழிவிட்டாள். அவர் நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அன்றைக்கே நான்கு தாள்களையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். மேசையில் பரப்பினாள். "சார், தப்பு அவர்மேல இல்ல. ஒரே ஆளை நாலு இடத்துல நான்தான் போட்டேன். தெரிஞ்ச பிறகும் பச்சையை மாத்த விடல."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் தாள்களை அடுக்கி அவளிடமே நீட்டினார்.

"சரி, ஆனது ஆச்சு. நீ புதுசா திட்டம் போடு. இதெல்லாம் வெளியில போனா உனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். ஸ்டோர்லயும் அதே சம்பளம்தான். விடும்மா."

வெளியே வந்தாள். தப்பித்தாயிற்று. படியிறங்கும்போதுதான் உறைத்தது. எலக்ட்ரீஷியனைத் திட்டியது பதினெட்டுப் பேர் முன்னால். அவள் ஒப்புக்கொண்டதோ மூடிய கதவுக்குப் பின்னால். நேற்றைய வெட்கத்தைவிட இது கேவலமாக இருந்தது. நேற்று பயத்தில் ஊமையானாள். இன்று புத்தியோடு ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

அந்த வாரம் முழுக்க அக்கா வீட்டுக்குள் அவள் நுழையவில்லை. மாடிப்படியில் ஓசைப்படாமல் ஏறி இறங்கினாள்.

அடுத்த திங்கட்கிழமை, கூட்டத்துக்கு முன்பே ஸ்டோருக்கு ஆள் அனுப்பி எலக்ட்ரீஷியனை வரச் சொன்னாள். அவர் கதவோரம் நின்றார். எல்லோரும் உட்கார்ந்ததும் பலகையருகே போனாள். வில்லைகளை அந்தந்த வேலைக்குப் பொறுப்பானவர்தான் மாற்ற வேண்டும், தான் கை வைக்கக்கூடாது என்பது அவளே போட்ட விதி. அவளே அதை மீறி நான்கு பச்சைகளைப் பிடுங்கினாள். ஒன்று கை நழுவி, மேசைக்கடியில் உருண்டு போனது. நான்கு சிவப்புகளை ஒட்டினாள். அட்டைகளுக்குக் கீழே நான்கு தாள்களையும் வரிசையாக மாட்டினாள்.

"என்னம்மா இது?" என்றார் இயக்குநர், புருவத்தை உயர்த்தி.

"போன வாரம் இங்க ஒருத்தரைத் திட்டினீங்க சார். அது எனக்கு விழவேண்டிய திட்டு." முதல் தாளின் 'ஆள்' கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஒரே ஆளுக்கு நாலு ஆள் வேலையை எழுதினது நான். அவர் வந்து கேட்டப்போ சிரிச்சு மழுப்பினதும் நான். திட்டும்போது வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான்தான்."

தலைமை நர்ஸ், "அதான் என்னையும் பொறுங்க பொறுங்கன்னு சொன்னீங்களா?" என்றாள். அது நேராக நெஞ்சில் போய்த் தைத்தது. "ஆமா" என்றாள்.

இயக்குநர் முகம் கறுத்தது. பேனாவை மேசையில் தட்டினார். "சரி. இப்ப என்ன செய்யணுங்கற?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவோரத்திலிருந்து எலக்ட்ரீஷியனின் குரல் வந்தது. கோபமும் இல்லை, கனிவும் இல்லை. வேலை கேட்கிற குரல்.

"முதல்ல எதை மேடம்?"

அதே கேள்வி. நாலு மாதமாகப் பதில் இல்லாமல் நின்ற கேள்வி.

"முதல்ல ஜெனரேட்டர். ரெண்டாவது அழைப்பு மணி. அது முடிஞ்ச பிறகு குளிர் அறை." இயக்குநரைப் பார்க்காமலேயே முகப்பு விளக்கு அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "இது இப்போதைக்கு வேண்டாம்."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் ஏணி எடுக்கப் போனார். இயக்குநர் அவரைத் தடுக்கவில்லை. அவளை உட்காரவும் சொல்லவில்லை.

கூட்டம் முடியும்வரை அந்த அட்டையைக் கையில் பிடித்தபடி, பலகைக்குப் பக்கத்திலேயே எல்லோர் கண்ணிலும் பட நின்றாள்.