பூசணிப் பூவோடு நின்றுபோன கட்டுரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. பத்திரிகை ஆசிரியர் சபாபதி, மாதர் பக்கத்துக்கு ஒரு கட்டுரை கேட்டார்: செடியின் உறுப்புகளும் அவை செய்யும் வேலைகளும். "பெண்களுக்குப் புரியிற மாதிரி எழுதும்மா" என்றார். எரிச்சல்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். தம்பியின் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

வேர் செடியை மண்ணில் பிடித்து நிறுத்துகிறது; நீரையும் உப்புகளையும் உறிஞ்சுகிறது. தண்டு அவற்றை மேலே கொண்டுபோகிறது. இலைகளை வெயிலுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. இலை அந்த வெயிலை வைத்துக்கொண்டு செடி முழுவதற்கும் சமைக்கிறது. பூ

அங்கேயே நின்றுவிட்டது. பூ என்று எழுதியபோது பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமியின் அழுகை காதில் விழுந்தது. (அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர்தான்.)

2

சில ஆரம்பங்கள். எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

"மார்கழிப் பனி மெல்லப் படர்ந்த அந்த..." சை! கோலாலம்பூரில் ஏது பனி? மார்கழி என்றால் இங்கே மழை, சேறு, கொசு.

"சீதாலெட்சுமி ஓர் அபலை." அபலையாம்! பாசார் சந்தையில் மீன்காரனிடம் அவள் பேரம் பேசி நீங்கள் கேட்டதில்லை.

நேராகவே சொல்லித் தொலைக்கிறேன். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. கணவன் தம்புசாமி, ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அவன் தாயார் வள்ளியம்மா, தை பிறந்ததும் கிள்ளான் ஊருக்குப் போய் மகனுக்கு இரண்டாவது பெண் கேட்கப்போகிறாள். அந்த வீட்டில் சீதா மனைவியாக இருப்பாளா, இன்னொருத்திக்கு வடித்துக் கொட்டுகிறவளாக இருப்பாளா என்பதுதான் கதை.

இதில் செடி எங்கே வந்தது? வேலியோரமாக வந்தது. சீதா நட்ட பூசணிக்கொடி. மளமளவென்று ஓடியது, மார்கழி பிறந்ததும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. வந்த பிஞ்சுகளெல்லாம் பழுத்துச் சுருங்கி விழுந்தன.

"பாத்தியா புஷ்பம்?" என்று வள்ளியம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இவ கை பட்டா கொடிகூடக் காய்க்க மாட்டேங்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சீதா காதில் விழும்படிதான் சொன்னாள்.

3

(வள்ளியம்மாவைப் பற்றி ஒரு குறிப்பு.) முதலில் எழுதியபோது அவளைப் பல்லை நறநறவென்று கடிக்கவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். போன வருஷம் சீதா மலேரியாவில் கிடந்தபோது கூடவே உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவள் இதே வள்ளியம்மாதான். "எனக்கு ஒத்தப் புள்ள. அவனுக்கு அப்புறம் யாரு இருக்கா, சொல்லு" என்று என்னிடம் கேட்டவளும் அவள்தான். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு கதை எழுதுவது பெரிய தொல்லை. சுத்தக் கெட்டவளாக இருந்திருந்தால் நன்றாகத் திட்டி எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பேன்.

4

பூவைப் பற்றி ஏதாவது எழுதியாக வேண்டுமே என்று புத்தகத்தைப் புரட்டினேன். பூசணியில் இரண்டு விதப் பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவது பெண்பூ. பிஞ்சில்லாமல் நீளக் காம்பில் நிற்பது ஆண்பூ. நாம் வெறும் பூ என்போமே, அது. வெறும் பூவின் மகரந்தத் தூளைத் தேனீயோ வண்டோ கொண்டுவந்து சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். சேராவிட்டால் அழுகி விழும்.

வாசித்தவள் அப்படியே எழுந்துவிட்டேன். அடப் பாவிகளா! மார்கழிக் கோலத்து நடுவே சாண உருண்டையில் செருகுவதற்கு, சீதா தினமும் விடியுமுன் பூப் பறிக்கிறாள். அதுவும் எந்தப் பூவை? "பிஞ்சு இருக்கிற பூவைத் தொடாதேடி, வெறும் பூவாப் பாத்துப் பறி" என்பது மாமியார் கட்டளை. ஒன்று விடாமல் பறித்து, எங்கள் வரிசை வாசல்களுக்கெல்லாம் பங்கு கொடுப்பார்கள். தேனீ எழுந்து வரும்போது கொடியில் தூளே இருக்காது.

வேலிக்கு ஓடினேன். சீதாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அப்போ என் கை இல்லையாக்கா?"

"உன் கையும் இல்லை, காலும் இல்லை. தூள் சேரலை, அவ்வளவுதான்."

சிரித்தாள். அப்புறம் அழுதாள். "நானே நம்பிட்டேன்க்கா. யார் வீட்டுக் கைக்குழந்தையையும் தூக்கப் பயந்துக்கிட்டுக் கிடந்தேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வெறும் பூகிட்டேருந்து வர வேண்டியது வரலேன்னாலும் பிஞ்சு நிக்காது. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன்க்கா எல்லாரும் பிஞ்சையே வையிறாங்க?"

வீட்டுக்கு வந்து புத்தகத்தில் தேடினேன். மனுஷர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

5

முடிவுகள்.

ஒன்று. சீதா ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் தடவுகிறாள். காய் பிடிக்கிறது. வள்ளியம்மா கிள்ளான் பேச்சை விட்டுவிடுகிறாள். இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டு, சந்தோஷமாகக் காப்பி போட்டேன். குடித்துக்கொண்டே திரும்பப் படித்தேன். அப்படியானால் ஒரு பூசணிக்காயா அவளுக்கு நீதிபதி? நாளைக்கு அதை எலி கடித்துவைத்தால்? கிழித்துப்போட்டேன்.

இரண்டு. தம்புசாமி நிமிர்ந்து நின்று, "அம்மா, எனக்கு இவ போதும்" என்று... இதை முடிக்கக்கூட முடியவில்லை. நல்லவன்தான். ஆனால் அம்மா முன்னால் அவன் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

மூன்று. எழுதுகிறவளே போய் மாமியாரிடம் பேசுகிறாள். போனேன், நிஜமாகவே. "புஸ்தகத்தைப் படிச்சுட்டு எனக்கே பூசணி போடக் கத்துக் குடுக்க வந்துட்டியா? போய் உன் சோலியைப் பாருடி" என்றாள். திரும்பி வந்து பாத்திரம் தேய்த்தேன். வேறென்ன செய்வது?

6

தை பிறந்துவிட்டது. இன்று காலை கிள்ளானுக்குக் கிளம்பினார்கள். வள்ளியம்மா பட்டுப் புடவையில், வெற்றிலை பாக்குத் தட்டைத் துணியில் முடிந்துகொண்டு நின்றாள். தம்புசாமி சலவைச் சட்டையில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். நான் வேலியோரம், துணி காயப்போடும் சாக்கில் நின்றேன். சீதா வந்து வாசலை மறித்தாள்.

"நல்ல காரியத்துக்குப் போறப்போ குறுக்க நிக்காதடி."

"நிக்கிறேன் அத்தை. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தக் கிள்ளான் பொண்ணுக்கும் பிள்ளை பிறக்கலேன்னா, அப்புறம் எந்த ஊருக்குப் போவீங்க?"

வள்ளியம்மா தட்டு முடிச்சை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

சீதா கணவன் பக்கம் திரும்பினாள். "உங்களைத்தான் கேக்குறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேருமாப் போயி டாக்டர்கிட்டக் காட்டுவோம். நான் தயார். நீங்க வரீங்களா?"

(இதை நான் எழுதிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. இவ்வளவு நன்றாக எனக்கு எழுத வராது.)

தம்புசாமி அம்மாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். என்னமோ சொன்னான். எனக்குக் கேட்டது. எழுதமாட்டேன். எழுதினால் நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். மாதர் பக்கத்தைக்கூட முதலில் படிப்பது வீட்டு ஆண்கள்தான் என்று சபாபதி சொல்கிறார். அப்படியானால், ஐயா, இதைப் படித்துக்கொண்டிருப்பவரே, உள்ளே உங்கள் வீட்டுக்காரம்மா இருக்கிறாரல்லவா? பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, சீதா கேட்டதற்கு அவருக்குக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: வருவீர்களா, மாட்டீர்களா?