பின்னால் கேட்கிற சத்தம்

பெட்டிக்குள் தன் செல்போன் இடம் மாறிக் கிடப்பதை மாரித்தாய் பார்த்தவுடனே கண்டுகொண்டாள். காலையில் வேனை விட்டு இறங்கியதும் அதை மஞ்சள் துணியில் சுற்றி, மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தாள். மதியச் சோற்றுக்கு வந்து பார்த்தால் துணி ஒரு பக்கமும் போன் ஒரு பக்கமும் கிடந்தன. தாயில்பட்டிப் பக்கம் எந்தப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாலும் செல்போன், பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். போனை அணைத்துக் கொடுக்கவேண்டும் என்பதும் சட்டம்தான். யார் அணைத்தார்கள்? பகல் முழுக்க அந்த மரப்பெட்டி கோழிக்கூடு மாதிரி கத்திக்கொண்டிருக்கும். எந்தக் கோழி எதற்குக் கத்துகிறது என்று காவலுக்கு உட்கார்ந்திருக்கிற ஊர்க்காவலனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆடி மாதத்திலிருந்தே ஒரு போன் வந்துகொண்டிருந்தது. மகள் செல்வலட்சுமி இன்ஜினியரிங் படிக்க வாங்கிய கடனுக்காக, பேங்கின் சார்பில் பேசுகிற ஒரு பெண். பேர் நித்யாவாம். முதலில் அம்மா, அம்மா என்று தேனாகப் பேசினாள். அப்புறம் குரல் கெட்டியானது. வேலை பார்க்கிற இடத்துக்கு ஆள் வரும் என்றாள், படத்தைப் போட்டு நோட்டீஸ் ஒட்டுவோம் என்றாள். ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பாள். “உங்க பொண்ணோட புது நம்பர் என்ன? எந்த கம்பெனில வேலை பாக்குறாங்க?”

அதை மட்டும் மாரித்தாய் சொல்லமாட்டாள். செல்வலட்சுமி படித்து முடித்து ஒரு வருசம் வேலை கிடைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள். அமெரிக்காவில் என்னமோ விழுந்துவிட்டதாம், அதனால் இங்கே வேலை இல்லையாம். இப்போதுதான் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, மாதம் கொஞ்சம் பணமும் அனுப்புகிறாள். அது வட்டிக்கே பற்றவில்லை என்பது வேறு விஷயம். கம்பெனிக்கு போன் போட்டுக் கடன்காரி என்று சொன்னால் அந்த வேலையும் போய்விடும். அதனால் நித்யா கேட்கிறபோதெல்லாம் போனைப் பட்டென்று அணைத்துவிடுவாள். மகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதலில் தன் நம்பரை யார் கொடுத்தது என்ற கேள்விக்கே அவளால் விடை காண முடியவில்லை. கடன் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது தன் அண்ணன் நம்பரைத்தான். பக்கத்து வீட்டு அய்யம்மாளாக இருக்கலாம். போன் வருகிற நேரமெல்லாம் அவள் வாசலில் கோலப்பொடி டப்பாவைத் தேடுவாள். லோடு ஏற்றப்போகிற புருசன் சங்கிலிமுத்துவே குடிபோதையில் யாரிடமாவது உளறியிருக்கலாம். சந்தேகம் என்று வந்துவிட்டால் மாரித்தாய்க்குக் கட்டின புருசனும் ஒன்றுதான், கரண்டுக் கம்பத்துக் காக்காயும் ஒன்றுதான்.

“எம் போன எடுத்தீகளாண்ணே?”

ஊர்க்காவலன் தூக்குவாளியை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தார். “அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு தாயி. அவசரமோ என்னமோன்னு எடுத்தேன். ஒம் மகதான்னு நெனச்சு, நல்லாருக்கியா தாயின்னு வேற கேட்டுப்புட்டேன்.”

“யாரோ ஒருத்தி கொரலும் எம் மக கொரலும் ஒங்களுக்கு ஒன்னாவா தெரியுது?”

“கொரலு இல்ல தாயி. பின்னால கேக்குற சத்தம். அன்னைக்கு ஒம் மக கூப்புட்டப்ப நாந்தான எடுத்துக் குடுத்தேன்? அங்கனயும் இப்படித்தான், மாட்டுச்சந்தை கணக்கா அம்புட்டுப் பேரும் பேசிக்கிட்டுக் கெடந்தாக. ஒம் மக நம்பரு கேட்டுச்சு, இன்னைக்குப் பேசுன பிள்ள. எனக்கென்னத்த தெரியும்னு வச்சிட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார். மாரித்தாய் மத்தாப்பு ஷெட்டுக்குத் திரும்பினாள். சீசன் நேரம், ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. கை பாட்டுக்குக் கம்பி மத்தாப்பை அடுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருக்க, மனசு அந்தச் சத்தத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. காவலுக்கு இருக்கிற கிழவன் பேச்சை மாற்றுவதற்குச் சொல்கிறான் என்று அதைத் தள்ளிவிடப் பார்த்தாள். தள்ள முடியவில்லை. மகள் எப்போதும் மதியச் சோற்று நேரத்தில் ஆபீசிலிருந்துதான் பேசுவாள். பின்னால் யார் பேசுகிறார்கள் என்று மாரித்தாய் ஒருநாளும் காது கொடுத்ததில்லை. மகள் குரல் கேட்டால் அவளுக்கு வேறு எதுவும் கேட்காது.

அந்த வாரக் கடைசியில் செல்வலட்சுமி கூப்பிட்டாள். மாரித்தாய் போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே கருவேல மரத்தடிக்குப் போனாள். மகள் சாப்பிட்டாயா, மழை உண்டா, வேலை உண்டா என்று கேட்டுக்கொண்டே போக, தாய் ம் ம் என்றபடி பின்னால் இருந்த கசகசப்பைக் கேட்டாள். அதிலிருந்து ஓர் ஆண் குரல் தனியாக எழும்பியது. ‘கையெழுத்துப் போட்டது நீங்கதான சார்? அப்ப யாரு கட்டுவா?’

நித்யா பேசுகிற அதே பேச்சு என்று மாரித்தாய்க்குப் பட்டது. எதையும் காட்டிக்கொள்ளாமல், நித்யா என்று ஒருத்தி கடனுக்குப் போன் போடுகிறாள் என்று முதல்முறையாகச் சொன்னாள்.

செல்வலட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டு கடகடவென்று சொன்னாள். “யம்மா, பயந்துராத. நித்யாங்கிறதெல்லாம் அங்க வச்ச பேரு. கட்டுறேன்னு தேதி மட்டும் சொல்லிராத, சொன்னா அதுக்கு முந்தின நாளே கூப்புட ஆரம்பிச்சிருவாக. அடுத்து ஒரு ஆம்பள அதட்டுவான். அவன் பெரிய ஆபீசர் எல்லாம் இல்ல, பக்கத்து சீட்டுல இருக்கவந்தான். நீ பாதியில வச்சிட்டன்னா திரும்பத் திரும்ப அடிப்பாக. பேசி முடிச்சாத்தான் அந்தப் பிள்ளைக்கு ஒரு போன்னு கணக்கு ஏறும், இல்லைன்னா சம்பளத்துல பிடிச்சிருவாக.”

இவ்வளவும் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க மாரித்தாய் வாயைத் திறந்தாள். கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல என்று தோன்றியது.

“ஒனக்கு அங்கன என்ன பேரு வச்சிருக்காக?”

பின்னால் சந்தை இரைந்துகொண்டிருந்தது.

“ரம்யா,” என்றாள் மகள்.

அன்று பொழுது சாய வேனில் வரும்போது மாரித்தாய் யாரோடும் பேசவில்லை. கைவிரலெல்லாம் மருந்துப்பொடி ஒட்டிக்கொண்டு மினுங்கியது. இந்தக் கை மருந்தில் கிடந்தாலும் மகள் கை காகிதத்தில் இருக்கட்டும் என்றுதானே படிக்க வைத்தது? கோபம் கோபமாக வந்தது. எங்கேயோ ஓர் ஊரில் ஒருத்தி தன் போனைத் துணியில் சுற்றி ஒளித்து வைக்கிறாள், அவளை மிரட்டுவது தன் வயிற்றில் பிறந்தது என்று நினைக்க வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில், அவள் பட்டென்று வைத்துவிட்டால் மகளுக்குச் சம்பளம் போய்விடுமே என்றும் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அடுத்த வாரம் மதியம் பெட்டிக்குள் போன் அடித்தது. ஊர்க்காவலன் தொடாமல், கண்ணால் மட்டும் காட்டினார். மாரித்தாய் எடுத்தாள்.

“வணக்கம், நித்யா பேசுறேன். உங்க பொண்ணு எங்க வேலை பாக்குறாங்க? இன்னைக்காவது சொல்லுங்க.”

ஊரில் யார் கேட்டாலும் பெரிய கம்பெனியில் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தாள். இப்போது அது வாயில் வரவில்லை. “நீ சோறு தின்னியா தாயி?” என்று கேட்டாள்.

பின்னால் அம்புட்டுப் பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் இல்லம்மா,” என்றது அந்தக் குரல், மிக மெதுவாக.

அதுவும் சொல்லிக் கொடுத்த பேச்சாக இருக்கலாம். இப்படிக் குழைந்தால்தான் நம்பரைக் கறக்கலாம் என்று பக்கத்து சீட்டுக்காரன் சாடை காட்டியிருக்கலாம். மாரித்தாய் நம்பவில்லை. நம்பரையும் சொல்லவில்லை.

அதற்குள் அந்தப் பெண் யாருக்கோ கேட்கவேண்டும் என்பதுபோல் குரலை உயர்த்தினாள். வர்ற திங்கட்கிழமைக்குள்ள கட்டலைன்னா ஆள் வரும், நோட்டீஸ் ஒட்டுவோம், உங்க மானம்தான் போகும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். வேலைக்குத் திரும்பச் சொல்லி உள்ளே மணி அடித்தது. மற்றவர்கள் போன்களைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒவ்வொருவராக நடந்தார்கள். மாரித்தாய் மட்டும் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி வெயிலில் நின்றாள். போனைக் காதைவிட்டு எடுக்கவில்லை.

“ம், சொல்லு தாயி,” என்றாள். “முழுசாச் சொல்லி முடி.”